லைசென்ஸில் இருந்த இரண்டாவது தேதி

ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்கே ஆங்கிலம் படித்துச் சொல்பவன் நான்தான். அந்தத் திமிரும் உண்டு.

மில்லில் டிரெய்லர் லாரி ஓட்டும் காதர் பாய் ஒருநாள் லைசென்ஸை நீட்டினார். “எம்புட்டு நாளைக்குச் செல்லும் அண்ணாச்சி?”

“இன்னும் பத்து வருசம் கவலையில்லாம ஓட்டும் பாய்!”

நான் பார்த்தது காருக்கான தேதி. கனரக வண்டிக்கான தேதி அதன் கீழேயே இருந்தது. மறுமாதமே அது முடிந்தும் போனது.

பிறகு வன்னியம்பட்டி அருகே அவர் ஓட்டிய டிரெய்லர் கவிழ்ந்தது. லைசென்ஸ் காலாவதி என்று இன்சூரன்ஸை மறுத்துவிட்டார்கள். என் தவறை அவரிடம் ஒப்புக்கொண்டேன்.

“நீங்க படிச்சவிய, தப்பாவா சொல்லுவீய? கார்டைத்தான் குழப்பமா அடிச்சிருக்கான்” என்றவர், மில்லில் கொடுத்த ஆங்கிலக் கடிதத்தை நீட்டினார். “வேலைக்கு எப்ப வரச் சொல்லிருக்காவன்னு செத்த பாருங்க.”

ஒரு எழுத்து விடாமல் படித்தேன். இனி வரவே வேண்டாம் என்றிருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, தப்பாகப் படித்துச் சொல்ல ஆசைப்பட்டேன்.