கூலாய் மாடியில் கைபேசியைத் தூக்கிப் பிடித்த வெள்ளிக்கிழமை

போன மாதம் கிள்ளானிலிருந்து தெற்கே, மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக் கூலாய்க்கு ஒரு ராஜதந்திரப் பயணம் மேற்கொண்டேன். ஐக்கிய நாடுகள் சபை அனுப்பவில்லை, என் அக்கா அனுப்பினாள். கூலாயைத் தாண்டிப் பண்டார் தெங்காராவில் இருக்கிறவள் தொலைபேசியில் கூப்பிட்டு, "தம்பி, நீ வந்து சொன்னாதான் அவன் கேப்பான்" என்றாள். அவன் என்பது அவளுடைய ஒரே மகன் அந்தோணி. செனாயில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கிறான். அங்கே அவனுக்கு சூப்பர்வைசர் பதவி தருகிறார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். சரி என்றால் சம்பளம் ஏறும், மாலையும் வார இறுதியும் போய்விடும். மாலையும் வார இறுதியும் போனால் அவனுடைய இசை போய்விடும். அதனால் இழுத்தடிக்கிறான். போய் 'சரி' என்ற ஒரு சொல்லை வாங்கி வருவதுதான் எனக்கு இட்ட பணி.

நான் மறுக்கவில்லை. என் வீட்டு மக்கள்தொகை ஒன்று. யார் கூப்பிட்டாலும் அந்த ஒன்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடும்.

கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில், நடுவில் ஒருமுறை மாறி, கோலாலம்பூர் தெற்குப் பேருந்து முனையம். காலை ஒன்பது மணிப் பேருந்து, கட்டணம் முப்பத்தாறு வெள்ளி, அதாவது ரிங்கிட். ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர், வழியில் நின்ற நேரத்தோடு நாலரை மணி நேரம். குளிரூட்டியைப் பற்றி முன்கூட்டியே எச்சரிக்கிறேன்: தென்துருவத்துப் பென்குவின் ஒன்று என் பக்கத்து இருக்கையில் இருந்திருந்தால் என்னிடம் போர்வை கேட்டிருக்கும். பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை. இரண்டு பக்கமும் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை. யோங் பெங் தாண்டியதிலிருந்து கூலாய்வரை ஒரே செம்பனை மரத்தைத்தான் எடுத்து எடுத்து நட்டுக்கொண்டே எனக்கு முன்னால் ஓடுகிறார்களோ என்று சந்தேகம் வந்தது.

கூலாயில் இறங்கி ஆப்பில் ஒரு கார் பிடித்தேன், எட்டு வெள்ளி. ஓட்டுநர் தமிழர். என்ன விசேஷம் என்று கேட்டார். அக்கா மகன் இன்று மாலை இசை வாசிக்கிறான், அதைக் கேட்க சிங்கப்பூரிலிருந்தே ஒரு பெரிய மனிதர் வருகிறார் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"வெள்ளிக்கெழம சாயங்காலமா? காஸ்வே பாலம் வழியாவா?"

"ஆமாம்."

"அலமாக்" என்றார், ஐயையோ என்பதுபோல. பிறகு வானொலியைக் கூட்டி வைத்தார்.

அந்தோணியின் தொழிலை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வயதில் மாதா கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு. பிறகு கல்யாண விருந்துகளில் டிஜே. மணமக்கள் நுழையும்போது புகை, கேக் வெட்டும்போது மெதுவான பாட்டு, என் வயதுக்காரர்கள் மேடைக்கு வந்து தோளைத் தட்டிக் கேட்கும் பாட்டு. அவன் சொந்தமாகச் செய்வது வேறு. தொழிற்சாலையின் அமுக்கி இயந்திரம், பேக்கிங் பட்டை ஓடுகிற சத்தம், ஆலைச் சங்கு, எல்லாவற்றையும் கைபேசியில் பிடித்து வந்து கணினியில் வெட்டி ஒட்டி இசையாக்குகிறான். மேடைப் பெயர் டிஜே கித்தா. எங்கள் பக்கம் ரப்பருக்கு அதுதான் பெயர். இணையத்தில் ஏழு உருப்படிகள் இருக்கின்றன. ஐஸ்லாந்தில் ஒருவர் தினமும் கேட்கிறாராம். கூலாயில் அப்படி ஒருவர் இருப்பதாகத் தகவல் இல்லை.

சிங்கப்பூர்ப் பெரிய மனிதரின் பெயர் டெஸ்மண்ட். அங்கே ஓர் இசைக் கூடத்தில் வியாழன்தோறும் யார் வாசிப்பது என்று முடிவு செய்கிறவர். மாதம் ஒரு வியாழன் காலியாக இருக்கிறது. நேரில் கேட்காமல் தரமாட்டார், அன்று ராத்திரிக்குள் முதலாளியிடம் பெயர் சொல்ல வேண்டும். அந்த வியாழன் கிடைத்தால் சூப்பர்வைசர் பதவி வேண்டாம் என்று சொல்ல அந்தோணிக்கு ஒரு காரணம் கிடைக்கும்.

இடம், நூர்தீன் பாய் உணவகத்தின் மேல்மாடி. வார இறுதியில் பிறந்தநாள் விருந்துகளுக்குப் போய்விடும், வெள்ளிக்கிழமை மட்டும் சும்மா கிடக்கும் என்று கொடுத்திருந்தார். ஒரே நிபந்தனை: மாலைத் தொழுகைக்கு அழைக்கும் மஃரிப் பாங்குக்கு முன்னால் சத்தம் நிற்க வேண்டும். அன்று பாங்கு ஏழு மணியை ஒட்டி. ஐந்தரைக்கு ஆரம்பித்தான். தொழிற்சாலை நண்பர்கள் பத்துப் பதினைந்து பேர் வந்து, தலையை ஆட்டி, கீழே போய் ரொட்டி சானாய் சாப்பிட்டு, மேலே வந்து மறுபடி ஆட்டினார்கள். ஆறு மணிக்குத் தெருமுனையில் ஷிப்ட் பேருந்து ஹாரன் அடித்தது. மாடி ஒரே மூச்சில் காலியானது. போகிற அவசரத்தில் ஒருவன், "சூப்பர் லா பாஸ்" என்று கட்டைவிரலைக் காட்டினான். மிச்சம் இருந்தது காலி நாற்காலிகளும் நானும்.

டெஸ்மண்ட் அப்போது சிங்கப்பூர் முனையில், காஸ்வேக்கு ஏறும் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு நாடுகளை இணைக்கும் அந்தப் பாலம் ஒரு கிலோமீட்டர்தான். வெள்ளி மாலையில் அதைக் கடப்பதற்குள் ஒரு குழந்தை பிறந்து, வளர்ந்து, ஓட்டுநர் உரிமம் எடுத்து மிச்ச தூரத்தை அதுவே ஓட்டிவிடும். அந்தோணி ஒரு யோசனை செய்தான். என் கைபேசியிலிருந்து டெஸ்மண்டைக் கூப்பிட்டான். அவர் கார் ஸ்பீக்கரில் கேட்கட்டும் என்றான். முதலில் கைபேசியை நாற்காலியில் வைத்தோம். அடிநாதம் வந்தபோது அதிர்வில் அது நடந்துபோய்க் கீழே விழுந்தது. மேசையில் வைத்தால் தகர டப்பா மாதிரி கேட்கிறது என்றார் டெஸ்மண்ட். கடைசியில் நான் எழுந்து நின்று தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். "ரைட் தேர், அங்கிள், டோன்ட் மூவ்" என்றது கைபேசி.

அசையவில்லை. ஜொகூர் மாநிலத்தின் நினைவுச் சின்னமாக என்னை அறிவித்திருக்கலாம். எதிரே அந்தோணி ஒரு காதில் மட்டும் ஹெட்போனை வைத்துக்கொண்டு குனிந்திருந்தான். அந்தக் காதில் ஓடுவது இனிமேல்தான் வரப்போகும் சத்தம் என்று மதியம் விளக்கியிருந்தான். நாங்கள் ஒன்றைக் கேட்கும்போது அவன் அடுத்ததில் இருப்பான், அங்கே அவனோடு வேறு யாரும் இருக்கமாட்டார்கள். இடையிடையே நிமிர்ந்து கைபேசியைப் பார்த்தான். அவனுடைய ஊர், உலகம் எல்லாம் என் உள்ளங்கையில் இருந்தது.

ஆறரை இருக்கும். கைபேசி ஒருமுறை அதிர்ந்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன். அழைப்பு அறுந்திருந்தது.

மறுபடி கூப்பிட வேண்டுமென்றால் கையை இறக்க வேண்டும். இறக்கினால் அவன் பார்ப்பான். பார்த்தால் நிறுத்துவான். சலித்துப்போய் அந்த ஆள் வைத்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். செத்த கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றேன். வலது கை மரத்தபோது இடது கைக்கு மாற்றினேன், கவனமாக, அதே உயரத்தில். அப்போதுதான் அவன் அந்தப் பெரிய உருப்படியை எடுத்தான். அமுக்கி இயந்திரம் மூச்சு விடுவதுபோல ஆரம்பித்து, பட்டை ஓடி, தூரத்தில் சங்கு ஊதி, ஒவ்வொன்றாகக் கழன்று போய், கடைசியில் மூச்சு மட்டும் மிஞ்சியது. எனக்கு இந்த இசை புரியாது. ஆனால் என் வீட்டில் ராத்திரி குளிர்சாதனப் பெட்டி நின்றுவிடும் ஒரு நொடி உண்டு. அதை இவன் எங்கே கேட்டான் என்று திகைத்துப்போனேன்.

சத்தத்தை இறக்கி நிறுத்தினான். சிறிது நேரத்தில் பாங்கு சொன்னார்கள். கீழே தட்டுச் சத்தம்கூட இல்லை.

பிறகு அவன் வயர்களைச் சுருட்ட ஆரம்பித்தான். நான் தொண்டையைக் கனைத்து, "கடைசிவரைக்கும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு. அசந்துட்டாரு" என்றேன்.

"மாமா" என்றான், நிமிராமல். "காஸ்வே பாதி வந்தா சிங்கப்பூர் லைன் கட்டாயிரும். அப்புறம்தான் நம்ம லைன் புடிக்கும். இங்க உள்ளவங்க எல்லாருக்கும் தெரியும் லா."

"உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"கட்டானப்பவே. ஒங்க மூஞ்சியில."

"அப்ப ஏண்டா நிறுத்தல?"

வயரை முழங்கையில் சுற்றி முடித்தான்.

"நீங்க கைய எறக்கலியே."

எட்டு மணிக்கு டெஸ்மண்டின் செய்தி வந்தது. எல்லை தாண்டிவிட்டார், ஆனால் கூலாய் இன்னும் முப்பது கிலோமீட்டர், நிகழ்ச்சியும் முடிந்திருக்கும், ஜொகூர் பாருவில் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார். பாதிதான் கேட்டது, பாதியை வைத்துப் பெயர் சொல்ல முடியாது, அந்த வியாழனை வேறொருவருக்குக் கொடுத்தாகிவிட்டது. கடைசியில் ஒரு மன்னிப்பும், கைகூப்பும் படம் ஒன்றும். அந்தோணி படித்துவிட்டு எனக்கு நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரிக் கொண்டுவரச் சொன்னான்.

மறுநாள் அக்கா வீட்டில் மதியச் சாப்பாட்டின்போது, யாரும் கேட்காமலே, "திங்கக்கெழம சரின்னு சொல்லிர்றேன்" என்றான். அக்கா கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில், இமயத்தை ஒற்றைக் கையால் நகர்த்தியவன்கூட அவ்வளவு மரியாதை பெற்றிருக்க மாட்டான். கோழியின் நல்ல துண்டு என் தட்டுக்கு வந்தது. "நீ சொன்னா கேப்பான்னு எனக்குத் தெரியும்" என்றாள். நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பதை எப்படிச் சொல்வது? வந்த வேலை முடிந்தது. அந்தத் துண்டை அந்தோணியின் தட்டுக்கு மாற்றினேன்.

கூலாய் போகிறவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை திரும்பும் பேருந்துக்கு முன்பே பதிவு செய்யுங்கள், நிரம்பிவிடும். கம்பளி எடுத்துப் போங்கள். பண்டார் தெங்காரா போக சொந்த வண்டியோ சொந்தக்காரரோ வேண்டும். சிங்கப்பூரிலிருந்து யாரையாவது வரச்சொல்வதானால் வெள்ளி மாலையைத் தவிர வேறு எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள், பகல் பன்னிரண்டு மணி என்றாலும் பரவாயில்லை. நூர்தீன் பாய் கடையில் மீன் குழம்பு ஒன்றரை மணிக்குள் தீர்ந்துவிடும்.

இன்னொன்று. ஊர் வந்து சேர்ந்ததும் பாயைக் கூப்பிட்டு, அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கு மேல்மாடியை என் பெயரில் எடுத்திருக்கிறேன். அன்றைக்கு அந்தோணிக்கு எந்த ஷிப்ட் என்று தெரியாது. அவனிடம் இன்னும் சொல்லவில்லை, அக்காவிடம் சொல்லப்போவதும் இல்லை. இதைப் படிக்கிறவர்கள் யாராவது அந்தப் பக்கம் இருந்தால் ஐந்தரைக்குள் வந்துவிடுங்கள். படி கொஞ்சம் செங்குத்து. அவன் வந்தால் கேட்கலாம். வராவிட்டால், நான் இருப்பேன்.