நத்திங் ஸ்பெஷல்

விருத்தாசலத்தை விட்டு வேப்பூர் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். வீடுகள் முடிந்து மக்காச்சோளக் கொல்லைகள் தொடங்கியிருந்தன. தோளில் ஒரு பை, அதில் சட்டை, கைலி, ஒரு போர்வை. பின்னால் வந்த பஸ்ஸுக்குக் கை காட்டியிருக்கலாம். காட்டவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் அவன் முகம் வந்துவிடும். நடக்கும்போது கொஞ்சம் தேவலை.

அவன் பெண்ணாடத்துக்காரன். என்னைவிட நாலைந்து வயது இளையவன். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிற பட்டறை ஒன்றில் இருவரும் வேலை செய்தோம், ஒரே அறையில் தங்கியிருந்தோம். அவன் களிமண் கூழை மோல்டில் ஊற்றுவான். நான் மோல்டைப் பிரித்து, பொம்மையின் ஓரத்தில் நிற்கும் பிசிரைக் கத்தியால் சீவி ஈரப் பஞ்சால் துடைப்பேன். அவன் பிளஸ் டூ முடித்தவன். நான் எட்டாவதோடு நின்றவன். லாரியில் கிளீனராகப் போயிருக்கிறேன், திட்டக்குடியில் ரைஸ்மில்லில் மூட்டை தூக்கியிருக்கிறேன், கரும்பு வெட்டியிருக்கிறேன். எங்கிருந்தும் யாரும் என்னைத் துரத்தியதில்லை. ஒரு நாள் காலையில் அந்த ஊர் போதும் என்று தோன்றும், கிளம்பிவிடுவேன். இந்த முறை அப்படியில்லை. வயிறு எரிந்து கிளம்பினேன்.

டெல்லியில் நடக்கும் பொருட்காட்சியில் முதலாளி கடை போடப்போகிறார் என்ற பேச்சு சில மாதங்களாகவே இருந்தது. கொஞ்சம் இங்கிலீஷ் பேசத் தெரிந்த ஓர் ஆளைக் கூட அழைத்துப் போவார், திரும்பி வந்ததும் அவனையே முன்னறையில் உட்காரவைப்பார் என்றார்கள். வருகிற வியாபாரிகளிடம் பேசுவதுதான் வேலை. ஃபேன் காற்று, நாற்காலி. எனக்கு அந்த நாற்காலி வேண்டும் என்றிருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் ஊரில் தங்க ஆசைப்பட்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடந்தது. இருவரும் சேர்ந்தோம். சொல்லிக்கொடுத்தவர் பி.ஏ. முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தவர், என் வயதுதான். ஒரு நாள் என்னை எழுப்பி, எப்படி வந்தாய் என்பதை இங்கிலீஷில் சொல்லச் சொன்னார். தமிழில் 'நான்' என்ற சொல்லுக்கு முன்னால் எதை வேண்டுமானாலும் கொண்டுவந்து வைக்கலாம். பசித்த நான், தூங்காத நான், ஊர் ஊராகச் சுற்றிய நான். எல்லாம் பொருந்தும். அந்தத் தைரியத்தில், "ஹங்ரி ஐ கம் சார்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தான்.

சார் சிரிக்கவில்லை. இங்கிலீஷில் 'ஐ' பக்கத்தில் எல்லாச் சொல்லும் வந்து நிற்க முடியாது என்றார். சிலவற்றுக்குத்தான் இடம் உண்டு, அப்போதும் 'ஐ' போய் 'மீ' வந்துவிடும். புவர் மீ, லக்கி மீ, சில்லி மீ. மூச்சு விடுகிற மாதிரி அதைத் தனியாகச் சொல்லிவிட்டு நிறுத்திவிட வேண்டும். எதிரில் இருப்பவனுக்கு என்றால் புவர் யூ, லக்கி யூ. 'சம்திங்', 'நத்திங்' போன்றவற்றுக்கு முன்னால் எதையும் வைக்கக் கூடாது, பின்னால்தான் வைக்க வேண்டும். சம்திங் நியூ. நத்திங் ஸ்பெஷல். தமிழில் புதுசு முன்னால் வரும், அங்கே பின்னால் வரும்.

இது மட்டும் எனக்கு நன்றாகப் பிடிபட்டது. பஞ்சால் துடைத்துக்கொண்டே பொம்மைகளிடம் சொல்லிப் பார்ப்பேன்.

அவன் அறையில் என்னிடம் சொல்லிப் பார்ப்பான். நான் துணி துவைத்தால் புவர் யூ. குழம்பில் பெரிய மீன்துண்டு எனக்கு வந்துவிட்டால் லக்கி யூ. அவனுடைய படிப்பைப் பார்த்துக்கூட நான் அவ்வளவு பொறாமைப்பட்டதில்லை. அடுத்தவனுக்குக் கிடைத்ததைப் பார்த்து அவனால் அவ்வளவு லேசாகச் சொல்ல முடிந்தது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எங்கள் பக்கத்தில் 'உனக்கென்னப்பா, குடுத்து வச்சவன்' என்று ஒருவன் சொன்னால் கேட்கிறவனுக்கு உள்ளே சுருக்கென்று இருக்கும். அவன் சொன்னால் அப்படி எதுவும் இருக்காது. நானும் முயன்று பார்த்தேன். அவன் ஊரிலிருந்து புதுச் சட்டையோடு வந்த அன்று, "லக்கி யூ" என்றேன்.

"அது வாழ்த்துணே," என்றான். "நீ சாபம் மாதிரி வுடுற."

பிறகு ஒரு வடநாட்டு வியாபாரி வந்தார். அவர் வந்த நேரத்தில்தான் சூளையிலிருந்து பொம்மைகள் அடுக்கிய வண்டியை வெளியே இழுத்திருந்தோம். எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. சூளையிலிருந்து வந்த சாமான் முழுதாக ஆறும்வரை யாரும் அதை நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லமாட்டார்கள். ஆறும்போது சில சமயம் டிங் என்று சின்னச் சத்தம் கேட்கும், பளபளப்பான மேல்பூச்சில் முடி மாதிரி விரிசல் ஓடியிருக்கும். வாய்விட்டுப் புகழ்ந்ததால் கண் பட்டுவிட்டது என்பார்கள். அதனால் எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும், ஒன்றும் பெரிதாக இல்லை என்றுதான் பேச்சு. முதலாளியும் அப்படித்தான் சொல்வார்.

அன்று ஒரு புது நீலத்தில் யானைகள் வந்திருந்தன. அப்படி ஒரு நிறம் அதற்கு முன் எங்கள் பட்டறையில் வந்ததில்லை. வியாபாரி ஒன்றைத் துணியால் பிடித்து எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் நான் நின்றிருந்தேன். இதில் என்ன ஸ்பெஷல் என்று இங்கிலீஷில் கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் காத்திருந்த நேரம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. யானை இன்னும் சூடாக இருந்தது.

"நத்திங் ஸ்பெஷல், சார்," என்றேன். இரண்டு சொல்லும் அதனதன் இடத்தில் நின்றன. எனக்குப் பெருமையாக இருந்தது.

வியாபாரி யானையைக் கீழே வைத்துவிட்டார்.

அவன் கையில் இருந்த களிமண்ணைக் கைலியில் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தான். "சம்திங் நியூ, சார். நியூ கலர். வெரி குட்," என்றான். வியாபாரி சிரித்துக்கொண்டு யானையைத் திரும்ப எடுத்தார்.

சூடான சாமானைப் புகழ்ந்துவிட்டான். நான் என் இடத்துக்குப் போய் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒரு டிங் கேட்டால் போதும் என்று இருந்தது. மறுநாள் மதியம்வரை எந்த யானையும் வெடிக்கவில்லை. வியாபாரி அத்தனையும் தனக்கே வேண்டும் என்று சொல்லியனுப்பினார்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "என் பொருள என் எதுருலயே ஒண்ணுமில்லன்றியே," என்றார்.

"சூடா இருந்துச்சுங்க."

அவருக்குப் புரிந்தது. "அது நமக்குள்ளடா," என்றார். "வந்தவங்களுக்கு இல்ல." அவனை டெல்லிக்குத் தயாராகச் சொல்லிவிட்டதாகவும், நான் போய் வேலையைப் பார்க்கலாம் என்றும் சொன்னார்.

அறைக்கு வந்து பையை எடுத்தேன். அவன் பின்னாலேயே வந்தான். லக்கி மீ என்று சொல்லுவான், அதற்கு என்ன திருப்பிச் சொல்லலாம் என்று மனதில் தேடிக்கொண்டிருந்தேன். அவன் இங்கிலீஷே பேசவில்லை. கதவில் சாய்ந்து நின்று, "பாவம்ணே நீ," என்றான். உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னான். புவர் யூ என்றிருந்தால் விளையாட்டு என்று விட்டிருப்பேன். இதை என்ன செய்வது?

"எங்கணே போற? டெல்லிலேந்து உனக்கு ஸ்வெட்டர் வாங்கியாரேன்."

போயிட்டு வரேன் என்றேன். நல்லவனாக இருந்து தொலைக்கிறானே என்று படியிறங்கும்போது நினைத்துக்கொண்டேன்.

ரோட்டில் நடக்கும்போது 'மீ'க்கு முன்னால் வேறு சொற்களை வைத்துப் பார்த்தேன். ஆங்ரி மீ. ஜெலஸ் மீ. அவற்றுக்கு இடம் உண்டா இல்லையா என்று சார் சொல்லித்தரவில்லை. என் காதுக்கு எல்லாமே சரியாகத்தான் இருந்தன. பாதி வழியில் ஒரு டிராக்டர்காரர் ஏற்றிக்கொண்டார்.

வேப்பூரில் லாரிகள் நிற்கும் ஓட்டல் ஒன்றின் பெஞ்சில் படுத்துக்கொண்டேன். காலையில் ஓட்டல்காரர் எழுப்பி, என்ன வேலை தெரியும் என்றார். தெரிந்ததையெல்லாம் சொன்னேன், கொஞ்சம் இங்கிலீஷும் பேசுவேன் என்றேன்.

"பேசறதுக்கு உள்ள ஆளு இருக்குது," என்றார். ஒரு விசிலையும் சிவப்புத் துணி கட்டிய குச்சியையும் கையில் கொடுத்தார். ரோட்டோரம் நின்று மெட்ராஸ் பஸ்ஸையும் திருச்சி பஸ்ஸையும் ஓட்டலுக்குள் திருப்ப வேண்டும், சாப்பாடு உண்டு, படுக்க இடம் உண்டு என்றார். விசிலை வாயில் வைத்துக்கொண்டு ரோட்டுக்குப் போனேன்.