நுரையாகப் போகிறது என்றாள்

விழிதியூரில் அம்மா வீட்டுக் கொல்லையில் நான் துணி அலசிக்கொண்டிருந்தபோதுதான் தம்பி மனைவி என்னிடம் அதைச் சொன்னாள். அவளுக்கு ஏழாவது மாதம். வளைகாப்புக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. நான் காரைக்காலில் வாழ்க்கைப்பட்டவள். விசேஷ வேலைகளுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று அம்மா என்னை முன்னதாகவே வரவழைத்திருந்தாள்.

"அண்ணி, ஒண்ணு கேக்கவா? சிரிக்கக் கூடாது."

"கேளு."

அவள் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒண்ணுக்குப் போனா நுரையா வருது. சோப்புத் தண்ணி மாதிரி. ரெண்டு வாளி ஊத்துனாலும் சட்டுன்னு போவ மாட்டேங்குது. நாலஞ்சு நாளா இப்படித்தான் இருக்கு."

நான் சிரித்தேன். சிரிக்கக் கூடாது என்று அவள் கேட்டுக்கொண்ட பிறகும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பை நான் கற்றுக்கொண்ட இடம் ஒன்று உண்டு. முதல் பிள்ளை உண்டாகியிருந்தபோது, மூன்றாவது மாதம் என்று நினைவு, ஒருநாள் காலையில் மஞ்சளைக் கரைத்து ஊற்றியதுபோலப் போனது. அப்படி ஒரு பளீர் மஞ்சளை நான் பார்த்ததே இல்லை. மஞ்சள் காமாலைதான், பிள்ளை போய்விட்டது என்றே முடிவுகட்டி அழுதேன். என் கணவர் ஸ்கூட்டரில் ஒரு சின்ன கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். அங்கே மேசையில் இருந்த நர்ஸ், பெஞ்சில் ஆண்களும் பெண்களுமாக உட்கார்ந்திருக்க, "என்னா பிரச்சினை? சத்தமா சொல்லுங்க" என்றாள். சொன்னேன். அவள் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துச் சிரித்தாள். "சத்து மாத்திரை போடுறீங்கள்ல? அந்த நிறம்தான்மா வெளிய வருது. இதுக்குப் போயி இவ்ளோ அழுகையா?" பெஞ்சில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

என் கணவர் வீட்டுக்கு வந்து அதையே ஒரு வேடிக்கைக் கதையாகச் சொன்னார். அதன் பிறகு எந்த விசேஷத்தில் பார்த்தாலும் என் நாத்தனார், "இப்ப என்னா கலரு?" என்று கேட்பாள். என் பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வரைக்கும் கேட்டாள். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தது நல்ல கோடையில். டிகாக்‌ஷன் போலக் கறுத்துப் போனது. யாரிடமும் வாய் திறக்கவில்லை. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தேன், தெளிந்துவிட்டது. இவ்வளவுதான் எனக்கிருந்த அனுபவம். இதை வைத்துக்கொண்டு என்னை நான் எல்லாம் தெரிந்தவளாக நினைத்திருந்தேன்.

இப்போது நாத்தனார் நான்.

"எனக்கும் அப்படித்தான் போச்சு, ரெண்டு தடவையும்" என்றேன். அது பொய். எனக்கு ஒரு நாளும் நுரை போனதில்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். "எல்லாம் சூடு. இளநி குடி, பார்லி தண்ணி வச்சுக் குடி. இதையெல்லாம் போயி ஒருத்தர்ட்ட கேட்டுக்கிட்டு நிக்காத. சிரிப்பாங்க."

"நாளைக்கு செக்கப்பு இருக்கு அண்ணி. நர்சம்மாகிட்ட கேட்டுடலாம்னு நெனச்சேன்."

"விசேஷத்த வச்சுக்கிட்டு யாரு உன்ன கூட்டிக்கிட்டு அலையறது? முடியட்டும். அடுத்த வாரம் போயிக்கலாம்."

அவள் தலையாட்டினாள். பூவம் அவள் பிறந்த ஊர். காலேஜில் பி.காம் முடித்தவள். செக்கப் அட்டையை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில் வைத்திருப்பாள். போன மாதம் வரைக்கும் ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை. எங்கள் வீட்டில் அது ஒரு கேலி. "மாசமா இருக்கறதுக்குக்கூடப் பரீட்சை எழுதறா" என்பாள் அம்மா. அந்த ஒரு தடவை மட்டும்தான் தவறியது. தவறவைத்தது நான்.

அடுத்த நாள் தலை வலிக்கிறது என்றாள். தைலம் தேய்த்துவிட்டேன். அதற்கடுத்த நாள் செருப்பு காலில் நுழையவில்லை. என் தம்பியின் செருப்பைப் போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போனாள். கண் இரண்டும் இடுங்கிப்போகிற அளவுக்கு முகம் உப்பியிருந்தது. "களை வந்துடுச்சு பாரு மொகத்துல" என்று அம்மா வந்தவர்களிடம் எல்லாம் காட்டினாள். நானும் ஆமாம் போட்டேன்.

வளைகாப்பன்று பூவத்திலிருந்து ஒரு வேன் நிறைய வந்தார்கள். அவளுடைய அம்மா ஐந்து வகைச் சாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தார். நலங்கு வைத்து முடித்து வளையல் போட உட்கார்ந்தால், ஒரு வளையல்கூட ஏறவில்லை. ஒரு மாதத்துக்கு முன்னால் அளவு எடுத்து வாங்கியது. எல்லோரும் சிரித்தார்கள். பிறந்தகத்தில் நல்ல சாப்பாடு இல்லை, இங்கேதான் சதை போட்டிருக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். நான் சோப்பைக் குழைத்து அவள் கையில் தடவி, விரல்களைச் சேர்த்து அழுத்திப் பிடித்து, வளையலை ஏற்றினேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். என் கட்டைவிரல் அழுந்திய இடம் அவள் புறங்கையில் பள்ளமாகவே நின்றது. மேலே எழும்பவில்லை. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த வளையலை எடுத்தேன்.

போட்டோ எடுக்கும்போது என் காதருகில், "அண்ணி, கண்ணு முன்னால பூச்சி பறக்கற மாதிரி இருக்கு" என்றாள்.

"காலைலேர்ந்து சாப்பிடல. ரெண்டு வாய் சாப்பிடு, சரியாப் போயிடும்."

அன்று சாயங்காலமே முறைப்படி அவளைப் பூவத்துக்கு அழைத்துப்போனார்கள். நான் மறுநாள் காரைக்காலுக்குத் திரும்பிவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் தம்பி போன் செய்தான். பல் விளக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே விழுந்து, கை கால் வெட்டி இழுத்ததாம். பக்கத்து வீட்டு ஆட்டோவில் காரைக்கால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துகொண்டிருக்கிறார்கள், நீ உடனே போ என்றான். அவன் வேலைக்காகப் புதுச்சேரி போயிருந்தான். பஸ் ஏறிவிட்டேன் என்றான்.

நான் போனபோது அவளுடைய அம்மா வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். முந்தானையில் ரத்தம். மகள் நாக்கைக் கடித்துக்கொண்ட ரத்தம். டாக்டரம்மா வெளியே வந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக் கேட்டார்.

"பிரஷர் ரொம்ப அதிகமா இருக்கு. இதுக்கு முன்னால தலைவலி இருந்துச்சா? மொகம் வீங்குச்சா? யூரின் நுரையா போவுதுன்னு சொன்னாங்களா?"

"எங்க வீட்டுக்கு வந்து ரெண்டு நாளுதாங்க ஆவுது. தலைவலின்னு சொன்னா. இன்னிக்குக் கூட்டிக்கிட்டு வரலாம்னுதான் இருந்தேன்" என்று அந்த அம்மா அழுதார்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "நீங்க யாரு?"

"நாத்தனாருங்க."

"உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?"

"எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றேன்.

இது இரண்டாவது பொய். முதல் பொய்யாவது யோசிக்காமல் வந்தது. இதை யோசித்துத்தான் சொன்னேன்.

அன்றைக்கே ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண். ஒரு கிலோகூட இல்லை. இரண்டு நாள் இருந்தது. அந்த இரண்டு நாளும் தாய்க்கு நினைவு சரியாகத் திரும்பவில்லை. தன் பிள்ளையை அவள் பார்க்கவே இல்லை. நான் பார்த்தேன். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். என் தம்பியின் மூக்கு அதற்கு.

வார்டில் இருந்த வயதான நர்ஸ் ஒருத்தி, நான் கேட்காமலே எனக்கு விளக்கிச் சொன்னாள். நுரை மட்டும் போனால் பயப்பட வேண்டியதில்லையாம். வேகமாகப் போனால்கூட நுரைக்குமாம். ஆனால் நாள் கணக்கில் நிற்காமல் போனால், கூடவே வீக்கமும் தலைவலியும் இருந்தால், உடம்பின் சத்து சிறுநீர் வழியாக இறங்குகிறது என்று அர்த்தமாம். "ஒரு டப்பால புடிச்சுக் குடுத்தா ஒரு காயிதப் பட்டையை முக்கிப் பாப்போம்மா. ஒரு நிமிசம்தான். அன்னிக்கே தெரிஞ்சிருந்தா மருந்து குடுத்து புள்ளையையும் காப்பாத்தப் பாத்திருக்கலாம்." அவள் யாரையும் குற்றம் சொல்லவில்லை. பேச்சுவாக்கில் சொல்லிவிட்டு ஊசி போடப் போய்விட்டாள்.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் அம்மா ஒரே கதையைச் சொன்னாள். "இங்க இருந்த வரைக்கும் சிலையாட்டம் இருந்தா. அங்க போயி ரெண்டே நாளு. என்னாத்தக் குடுத்தாங்களோ, எப்படிப் பாத்துக்கிட்டாங்களோ." வந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். "இந்தக் காலத்துப் பொண்ணு, வாயத் திறந்து சொல்ல வேணாமா?" என்றாள் ஒருத்தி. நான் காபித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

ஒரு மாதம் கழித்து அவளை மறுபரிசோதனைக்குக் கூட்டிவந்தபோது நானும் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. நர்ஸ் அட்டையில் எழுதிக்கொண்டே கேட்டாள். "நுரை எப்பலேர்ந்து போச்சும்மா?"

"வளைகாப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முந்தி."

"யார்ட்டயாவது சொன்னியா?"

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. "இல்லைங்க. யார்ட்டயும் சொல்லல" என்றாள்.

"படிச்ச புள்ள, இப்படியா இருப்ப?" என்று நர்ஸ் அவளைத் திட்டினாள். அவள் வாங்கிக்கொண்டாள். எனக்குக் கிடைக்க வேண்டியதை அவள் வாங்கிக்கொண்டாள். எனக்கு அப்போது நன்றி வரவில்லை. உண்மையைச் சொல்வதென்றால், அவள்மீது கோபம்தான் வந்தது. என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் அழுது, காலில் விழுந்து, ஒரு வழியாக முடித்திருப்பேன்.

ஆறு மாதம் கழித்து அவள் திரும்பி வந்தாள். விழிதியூருக்கு வரவில்லை, தம்பி காரைக்காலிலேயே வாடகைக்கு வீடு பார்த்தான். நான் போனால் "வாங்க அண்ணி" என்பாள். டீ போட்டுத் தருவாள். என் பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பாள். தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

இரண்டு வருடம் கழித்து மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டிருந்தவளைப் பின்னாலிருந்து கூப்பிட்டேன். திரும்பினாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. ஆறு மாதமாவது இருக்கும்.

"சொல்லவே இல்லையே" என்றேன்.

"டாக்டர்ட்ட சொல்லியிருக்கேன் அண்ணி" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். வீட்டிலேயே பிரஷர் பார்க்கும் கருவி வாங்கி வைத்திருக்கிறாளாம். மாத்திரை போடுகிறாளாம். வாரம் தவறாமல் சிறுநீர் பரிசோதனைக்குக் கொடுக்கிறாளாம். அந்த முறை வளைகாப்பு வேண்டாம் என்று இருவரும் சேர்ந்து சொல்லிவிட்டார்கள். நாள் கொஞ்சம் முந்தினாலும் ஆண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆஸ்பத்திரியில் அவள் அம்மாதான் கூட இருந்தார். எனக்குத் தகவல் வந்தது மறுநாள்.

பிள்ளை பிறந்த பிறகு எனக்குள் அடக்க முடியாமல் போயிற்று. முதலில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா வெற்றிலையை மென்றபடி கேட்டாள். "இப்ப எதுக்குடி அதெல்லாம்? அவளே ஒண்ணும் சொல்லல. நீயா ஏன் போயி வாயக் குடுக்குற?" அவ்வளவுதான். அடுத்த வாரமும் பூவத்துக்காரர்களைப் பற்றி அதே கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போனேன். அவள் உள்ளே குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று தொடங்கி, கொல்லையில் அவள் கேட்டதையும் நான் சொன்னதையும் செக்கப்பைத் தள்ளிப்போட்டதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"தெரியும்க்கா" என்றான்.

"எப்பலேர்ந்து?"

"ஆஸ்பத்திரில அவளுக்கு நெனவு வந்த அன்னிக்கே."

"அப்புறம் ஏன்டா என்னை ஒரு வார்த்த கேக்கல?"

"கேக்காதீங்கன்னு அவதான் சொன்னா. கேட்டா அவங்க அழுவாங்க, அப்புறம் எல்லாரும் அவங்களத்தான் உக்கார வச்சு சமாதானம் பண்ணுவீங்க, நான் பாத்துக்கிட்டுக் கெடக்கணும்னு சொன்னா."

அழக்கூட எனக்கு வழி இல்லாமல் போய்விட்டது. அழுதால் அவள் சொன்னது சரியாகிவிடும்.

துண்டில் சுற்றிய குழந்தையோடு அவள் வெளியே வந்தாள். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். என்ன பேசியிருப்போம் என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். குழந்தையைத் தம்பி மடியில் கொடுத்தாள்.

"சாப்பிட்டுட்டுப் போங்க அண்ணி. மீன் கொழம்பு வச்சிருக்கேன்" என்றாள்.

வேண்டாம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. உட்கார்ந்தேன். அவள் பரிமாறினாள். தலை நிமிராமல் சாப்பிட்டேன்.