பங்ஷன் படித்த வருஷம்

அம்மா என்னோடு நாலு நாள் பேசாமல் இருந்ததற்குக் காரணம், நூறு வருஷத்துக்கு முன்னால் சிகாகோவிலும் நியூயார்க்கிலும் பாடம் நடத்திக்கொண்டிருந்த சில வாத்தியார்கள். பாவம், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. தங்கள் பாடத்தைப் படித்துவிட்டுப் பர்மாவில் தின்கன்ஜூனில் ஒரு பலகை வீட்டில் மூன்று பெண்கள் முகம் கொடுத்துப் பேசாமல் சோறு தின்பார்கள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

மூன்று பெண்கள் என்றால் அம்மா, அண்ணி, நான். நான் பள்ளிக்கூடம் போகும்போதே அப்பா போய்விட்டார். அண்ணன் போட்டாதாங் துறைமுக ஜெட்டியில் சரக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தவன், கல்யாணமாகி எட்டாம் மாதம் கப்பலுக்குப் போனான். தொண்ணூற்றொன்றில் அந்தக் கப்பல் எங்கேயோ புயலில் மூழ்கிப்போனது. ஏஜெண்டு ஆபீசில் ஒரு காகிதம் கொடுத்தார்கள். சிலரை வேறொரு கப்பல் காப்பாற்றியது, மற்றவர்களைக் காணவில்லை என்று அதில் டைப் அடித்திருந்தது. அண்ணன் பெயர் மற்றவர்களில் இருந்தது.

அம்மா அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டாள். காணவில்லை என்றால் செத்துப்போனான் என்று அர்த்தமா, என் மூக்குக் கண்ணாடியைக்கூடத்தான் ஒரு மாதம் காணவில்லை, அரிசிப் பானையில் அகப்படவில்லையா என்று கேட்டாள். மாதா கோவிலில் அவன் ஆத்துமாவுக்குப் பூசை கொடுக்க விடவில்லை. ஒரு வருஷம் ஆயிற்று, இரண்டு ஆயிற்று, மூன்றும் ஆயிற்று.

எங்கள் வாசல் கேட்டில் ஓர் இரும்புக் கொண்டி உண்டு. அண்ணன் அதைத் திறக்கும்போது இரண்டு தட்டுத் தட்டுவான். அவன் போன பிறகு அதைக் காற்று தட்டியது. சாயங்காலம் ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்தால் கொண்டி ஆடும், அம்மா எழுந்து கதவுவரைக்கும் போவாள். நான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "காத்தும்மா, உக்காரு" என்பேன். வந்து உட்காருவாள். மறுபடி ஆடும், மறுபடி போவாள். இது எங்கள் வீட்டில் விளக்கு ஏற்றுவது மாதிரி ஒரு தினசரி வேலை.

நான் அழவில்லை. காகிதம் வந்த அன்றும் அழவில்லை, பிறகும் இல்லை. நர்சரிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன், வந்தேன், தின்றேன், தூங்கினேன். பல் பிடுங்கப் போனால் ஊசி போட்டபின் கன்னம் இருக்குமே, தொட்டால் தெரியும், ஆனால் நம்முடையது இல்லை, அப்படி இருந்தது. தெருவில் என்னைக் கல்லுளிமங்கி என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு அதிலும் ஒன்றும் வருத்தமில்லை.

வருத்தமெல்லாம் அண்ணிக்குத்தான் இருந்திருக்க வேண்டும். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. கியாக்தானில் தீவிலுள்ள புத்தர் கோவிலான பகோடாவுக்குப் படகு ஏறுகிற இடத்தில் அவள் அப்பா கடை வைத்திருந்தார். பகோடாவுக்கு வருகிறவர்கள் கெளுத்தி மீன்களுக்குப் போடப் பொரி வாங்குவது அங்கேதான். மனைவியை இழந்த ஒரு பள்ளிக்கூடக் குமாஸ்தா அந்த ஊரில் அவளைக் கேட்டிருந்தார். நல்ல மனிதர், நம் கோவில்காரர்தான். தவக்காலத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியனுப்பிவிட்டார். முதலில் ஆத்துமாவுக்குப் பூசை நடக்கட்டும், மறு கல்யாணத்துக்கான காகிதத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் சாமியார். அண்ணி ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "அத்தை சொன்னாத்தான்." அதற்குமேல் அவள் வாயைக் கிளறிப் பிரயோசனமில்லை. அம்மாவிடம் கேட்கவும் எங்கள் இருவருக்கும் துணிச்சல் இல்லை. தவக்காலத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது.

அந்த வருஷம்தான் நான் பங்ஷன் படித்தேன்.

எண்பத்தெட்டில் நான் காலேஜில் முதல் வருஷம். அந்த வருஷக் கலவரத்தில் யுனிவர்சிட்டியை மூடினார்கள், திறந்தார்கள், மறுபடி மூடினார்கள். கடைசியில் தபால் வழியாகப் படி என்றார்கள். சைக்காலஜி எடுத்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. விண்ணப்ப பாரம் கொடுக்கிற வரிசையில் அங்கே ஆள் குறைச்சல். பரீட்சைக்கு முன்னால் பத்து நாள் நேரில் வகுப்பு நடக்கும். எங்கள் சயாமா, அதாவது டீச்சர், குடையை மேசைமேல் நீட்டி வைத்துவிட்டுப் பர்மியில் பாடம் சொல்வாள். முக்கியமான சொல்லெல்லாம் இங்கிலீஷிலேயே வரும்.

அவள் சொன்ன கதை இது. ஜெர்மனியில் கற்றுக்கொண்டு வந்த ஒரு கூட்டம் மனசுக்குள் என்னென்ன இருக்கிறது என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்தது. ஆளை உட்காரவைத்து ஒரு சத்தத்தைக் கேட்கச் செய்து, உள்ளே என்ன தோன்றியது, எவ்வளவு நேரம் தோன்றியது என்று சொல்லச் சொன்னார்கள். அமெரிக்காவில் சில பேருக்கு இது பிடிக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்பது கிடக்கட்டும், மனசு எதுக்கு இருக்கிறது என்று கேட்டார்கள். பறவைக்கு அலகு எதுக்கோ, மீனுக்குச் செதில் எதுக்கோ, அதுபோல மனசும் ஓர் உயிர் தான் இருக்கும் இடத்தில் பிழைக்க உண்டானதுதான். இடம் மாறினால் மனசும் மாறிக்கொள்ள வேண்டும். இவர்களுக்கு பங்ஷனலிசம் என்று பெயர் பரவியதற்குக்கூட எதிர்க்கட்சிக்காரர்தான் காரணமாம், தன் கூட்டத்திலிருந்து பிரித்துக் காட்ட அப்படிச் சொல்லப்போய் ஒட்டிக்கொண்டது. தெருவில் வைக்கிற பட்டப்பெயர் ஒட்டிக்கொள்வதில்லையா, அதுதான்.

இந்த பங்ஷன் கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். துக்கம் வந்து நாம் அழுவதில்லை, அழுவதால்தான் துக்கம் வருகிறது. உடம்பு முந்திக்கொள்ளும், மனசு பின்னால் வரும். வகுப்பில் எல்லாரும் சிரித்தார்கள். நான் வீட்டுக்கு வந்து சோதித்துப் பார்த்தேன். கண்ணாடி முன்னால் நின்று உதட்டைக் கோணி, மூச்சை விட்டு விட்டு இழுத்து, ஈரத்துண்டால் கண்ணையும் தேய்த்துக்கொண்டேன். ஒரு துக்கமும் வரவில்லை. அண்ணி பார்த்துவிட்டுப் பல் வலியா என்று கேட்டாள்.

பர்மாவில் படிப்பதென்றால் வாய்விட்டுப் படிப்பது. ஊர் கேட்கப் படித்தால்தான் மண்டையில் நிற்கும் என்பது எல்லாருடைய நம்பிக்கை. நானும் மூன்று வாரம் காலையும் மாலையும் நடந்துகொண்டே கத்தினேன். பாடம் முழுக்கப் பர்மி, நடுநடுவே பங்ஷன், பங்ஷன், பங்ஷன். அம்மா கடைத்தெருவுக்குப் போதுமான பர்மி மட்டும் தெரிந்தவள். அவள் காதில் விழுந்ததெல்லாம் அந்த ஒரு சொல். நம் தமிழ் ஜனங்களுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். கல்யாணம், காதுகுத்து, செத்தவருக்கு முப்பதாம் நாள், எல்லாம் பங்ஷன்.

ஒரு சாயங்காலம் கரண்ட் போனது. மெழுகுவத்தி ஏற்றி வைத்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"எந்த பங்ஷன்டி?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அடுப்படியில் இருந்த அண்ணி அப்படியே நின்றுவிட்டாள்.

"மூணு வாரமா கேக்குறேன். இவளும் நீயும் என்ன பங்ஷன் வெக்கப் போறீங்க? எம்மவனுக்கா, இவளுக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அம்மா, இது பரீட்சைக்குப் படிக்கிற பாடம், இந்த பங்ஷன் வேறே என்று புத்தகத்தைக் காட்டினேன். அம்மா நம்பவில்லை. அப்படியென்றால் என்ன பாடம், சொல்லு என்றாள். சொன்னேன். எதிரில் மெழுகுவத்தி இருந்தது, பாடத்திலும் ஒரு மெழுகுவத்தி இருந்தது. ஒரு குழந்தை வெளிச்சத்தைப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, சுட்டுக்கொள்கிறது. அடுத்த தடவை அது பார்ப்பது பழைய வெளிச்சம் இல்லை, சுடுகிற வெளிச்சம். நடந்தது கண்ணுக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டது.

"இதுக்கு அமெரிக்கா போவணுமா?" என்றாள் அம்மா. "சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போவாதுன்னு எங்க ஆயா சொல்லும்."

அண்ணி அடுப்படியில் மெல்லச் சிரித்தது கேட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அம்மாவுக்கும் கோபம் தணிந்திருந்தது. ஆனால் அவள் விடவில்லை. மனசு எதுக்குத்தான் என்று அவர்கள் சொல்கிறார்கள் என்று கேட்டாள். பிழைக்கத்தான், உபயோகப்பட்டால் நிற்கும், இல்லாவிட்டால் உதிர்ந்துபோக வேண்டியதுதான் என்றேன். அந்த நேரம் பார்த்துக் கொண்டி ஆடியது. அம்மா பாதி எழுந்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

"நா எந்திரிச்சு எந்திரிச்சு போறேனே. அது எதுக்கு ஆவுது?"

அவள் நிஜமாகவே கேட்டாள். பாடத்தில் இருந்தால் சொல்லட்டும் என்று கேட்டாள். எனக்கு வாய் நீளம், அப்போது உள்ளே ஒன்றும் இல்லாததால் இன்னும் நீளம்.

"ஒண்ணுத்துக்கும் ஆவலை" என்றேன்.

அம்மா முறத்தை எடுத்துக்கொண்டாள். அப்புறம் நாலு நாள் பேசவில்லை. அந்த நாலு நாளும் கொண்டி ஆடும்போது அவள் எழவும் இல்லை. பெற்ற தாயிடம் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அது எங்கும் உறைக்கவில்லை. அண்ணி மட்டும் ஒரு தடவை, படித்தவர்கள் இப்படித்தான் பேசுவார்களா என்று கேட்டாள்.

ஐந்தாம் நாள் காலையில் அம்மா தனியாகக் கோவிலுக்குப் போய்விட்டு வந்தாள். வரும் சனிக்கிழமை பூசை, சாமியாரிடம் பெயர் கொடுத்துவிட்டேன், பிறகு வீட்டில் பத்துப் பேருக்குச் சாப்பாடு என்றாள். யாருக்குப் பூசை என்று அவள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பூசையில் சாமியார் அண்ணன் பெயரை வாசித்தபோது அம்மா முழங்காலில் இருந்தாள், முதுகு கொஞ்சம்கூட ஆடவில்லை. அண்ணி முந்தானையை வாயில் வைத்து அழுதாள். நான் பக்கத்து ஜன்னலில் எத்தனை கண்ணாடி உடைந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று உடைந்திருந்தது.

சாப்பாடெல்லாம் முடிந்து ஜனங்கள் போன பிறகு அண்ணி சிலுவைத் தாலியைக் கழற்றி அம்மா கையில் வைத்தாள். அம்மா அதை உள்ளங்கையில் கொஞ்சநேரம் வைத்திருந்து, திரும்ப அவள் கையிலேயே வைத்து விரல்களை மூடினாள்.

"உருக்கிப் புதுசு பண்ணிக்கம்மா. தங்கம் சும்மா கெடக்கக் கூடாது."

அண்ணி அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். எழுந்திரு, நாளைக்குப் போகத் துணிமணியை எடுத்து வை என்றாள் அம்மா. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணியின் அப்பா வந்து அழைத்துக்கொண்டு போனார். நான் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை போனேன். பஸ் ஏறும்போது, அத்தையைப் பார்த்துக்கொள் என்றாள் அண்ணி. சரி என்றேன். கியாக்தான் பஸ் எப்போதும்போல ஆளைத் தொங்கவிட்டுக்கொண்டு போனது.

வீட்டுக்கு வந்து புத்தகத்தை எடுத்தேன். மறுநாள் பரீட்சை. இனி அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்ல வேண்டாம் என்று வாய்க்குள்ளேயே படித்தேன். அம்மா வாசல்பக்கம் உட்கார்ந்து மறுநாளைக்கு அரிசியில் கல் பொறுக்கினாள். வீட்டில் இரண்டு பேர் குறைந்த மாதிரி இருந்தது. போனது ஒருத்திதானே என்று எண்ணிப் பார்த்தேன்.

ஆறு மணி இருக்கும், காற்று வந்தது. கொண்டி இரண்டு தட்டுத் தட்டியது.

நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன், எப்படி அங்கே போனேன் என்று எனக்குத் தெரியாது. புத்தகம் தரையில் கிடந்தது. ஒரு கை தாழ்ப்பாள்மேல் இருந்தது, என் கைதான்.

அம்மா முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"காத்துடி" என்றாள். "உக்காரு."

வந்து உட்கார்ந்தேன். முதலில் கால் நடுங்கியது. அப்புறம் அழுகை வந்தது, தெருவுக்கே கேட்கிற அழுகை. அதற்கும் அப்புறம்தான் என் அண்ணன் செத்துப்போனான்.