மதினியின் தடையில்லாச் சான்று

அம்மாவின் இடது காலை ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல் தூக்கி வைத்து, மதினி புண்ணின் கட்டைப் பிரிக்கும் காலை நேரம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. ஆஸ்பத்திரிச் சீருடை போட்டு, கொண்டையை இறுக்கி, கிளம்பத் தயாராகிவிட்டுத்தான் தரையில் உட்காருவார். கறை படாமலிருக்க மடியில் என் பழைய கைலி ஒன்றை விரித்துக்கொள்வார். புண்ணில் ஒட்டிய துணியை ஒருநாளும் இழுத்துப் பிய்த்ததில்லை. சலைனை ஊற்றி ஊற்றி, அது தானாக விடும்வரை அம்மாவிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார். முத்தையாபுரத்திலிருந்து அவர் பிடிக்கவேண்டிய டவுன் பஸ் அந்தப் பேச்சில் எத்தனையோ நாள் போயிருக்கிறது. சர்க்கரை நோயில் வந்த அந்தப் புண்ணைப் பார்த்த டாக்டர்கள், காலை எடுத்துவிடலாம் என்று இரண்டு முறை சொன்னார்கள். அம்மா சாகும்வரை இரண்டு கால்களோடுதான் இருந்தாள்.

மதினி என் அண்ணனின் மனைவி. அண்ணன் ராணுவத்தில் இருந்தான். வருடத்துக்கு இரண்டு முறை லீவில் வந்து போவான். மதினி டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் துறைமுகத்தில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் வேலை பார்த்தேன். இப்போதும் அதே நாற்காலிதான். கப்பலில் வரும் சரக்குக்கும் போகும் சரக்குக்கும் காகிதம் தயார்செய்வது என் வேலை. ஒரு கையெழுத்து குறைந்தால் கண்டெய்னர் எத்தனை நாள் வெயிலில் கிடக்கும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் எங்கள் ஆபீசில் கிடையாது. அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது.

நர்ஸ் வேலைக்கு மாநிலக் கவுன்சிலின் பதிவு வேண்டும். தமிழ்நாட்டில் பதிந்தவர் வேறு மாநிலத்தில் வேலை பார்க்க, அங்கே புதிதாகப் பதிய வேண்டும். அதற்கு இங்குள்ள கவுன்சில் தடையில்லாச் சான்று தரவேண்டும். புருஷனுக்கு ஊர் மாற்றுவது ராணுவம் என்றாலும், அந்தக் காகிதத்துக்குப் பெண்டாட்டிதான் அலையவேண்டியிருந்தது. கல்யாணமான புதிதில் மதினி அது இல்லாமலே அண்ணனோடு வடக்கே போய், வேலை கிடைக்காமல் குவார்ட்டர்ஸில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினார். இங்கே வந்தபோது ஆஸ்பத்திரியில் அவருக்குப் பின்னால் சேர்ந்த பெண்ணுக்குக் கீழே வேலை பார்க்க வேண்டியதாயிற்று. இனிமேல் காகிதம் இல்லாமல் வீட்டுப்படி தாண்டுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

பல வருடம் எல்லையில் இருந்தபிறகு அண்ணனுக்கு ஜபல்பூரில் குடும்பத்தோடு இருக்கக்கூடிய போஸ்டிங் வந்தது. குவார்ட்டர்ஸ் எழுதிக்கொடுத்தாயிற்று. அங்கே ஒரு ஆஸ்பத்திரியில், பதிவு வந்ததும் சேர்ந்துகொள்ளச் சொல்லிவிட்டார்கள். மதினிக்கு அப்போது முப்பத்தைந்து முடிந்திருந்தது, குழந்தை இல்லை. அங்கே போனால் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நல்ல டாக்டரைப் பார்க்கலாம் என்று என் மனைவியிடம் சொல்லியிருந்தார். விண்ணப்பத்தையும் சான்றிதழ் நகல்களையும் ஒரு காக்கிக் கவரில் போட்டு என்னிடம் நீட்டினார்.

“சென்னைக்கு நானே போயி குடுத்துட்டு வந்துரட்டுமா தம்பி?”

“எதுக்கு மதினி அலையுதிய? எங்க ஆபீஸ் பை தெனமும் மெட்ராஸ் போவுது. எங்கிட்ட விடுங்க.”

உண்மைதான். எங்கள் அலுவலகத்திலிருந்து தினமும் சாயங்காலம் ஒரு கூரியர் பை சென்னைக்குப் போகும். அதில் போட்டிருந்தால் மறுநாள் மத்தியானம் கவர் போய்ச் சேர்ந்திருக்கும். அங்குள்ள எங்கள் ஆள் கவுன்சிலில் கொடுத்து ரசீதும் வாங்கியிருப்பான். அந்த வாரம் இரண்டு கப்பல் ஒன்றாக வந்து நின்றதால் கவரை பீரோவின் மேல் வைத்துவிட்டு மறந்துபோனேன். அதுவரை நடந்தது வெறும் மறதி. அதை மன்னித்துக்கொள்ள என்னால் முடிகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா அந்தக் கவரைப் பார்த்துவிட்டாள். மதினி டூட்டிக்குப் போயிருந்தார். என்ன கவர் என்று கேட்டாள், சொன்னேன். காலைத் தடவிக்கொண்டாள்.

“ஏலே, அவ போயிட்டா எங்கால யாருலே பாப்பா?”

நான் கவரின் மேலிருந்த தூசியைத் தட்டினேன்.

“இங்கன கெடக்கட்டும். பைய அனுப்பிக்கிடலாம். அவகிட்ட ஒண்ணும் சொல்லாத.”

அம்மாமேல் பழியைப் போட்டுத் தப்பிக்க எனக்கு வழி இல்லை. அந்தப் புண்ணை என்னால் பார்க்க முடியாது. அதன் வாடைக்கே என் மனைவிக்குத் தலைசுற்றும். மதினி போனால் அந்த ஸ்டூலுக்கு முன்னால் நாங்கள் உட்காரவேண்டும். அம்மா வாய்விட்டுக் கேட்டாள். நான் கேட்காமலே ஆசைப்பட்டேன். கவரை எடுத்து பீரோவுக்குள் என் சட்டைகளுக்கு அடியில் வைத்தேன்.

அதன்பிறகு பொய் சொல்வது சுலபமாக இருந்ததுதான் இப்போது என்னை அறுக்கிறது. துறைமுகத்தில் நாங்கள் தினமும் வாடிக்கையாளர்களுக்குச் சொல்கிற வார்த்தைகள்தான். ஃபைல் மேஜையில் இருக்கிறது, ஆபீசர் லீவு, விளக்கம் கேட்டு ஒரு குவெரி போட்டிருக்கிறார்கள், அடுத்த வாரம் வந்துவிடும். கவுன்சில் அலுவலகத்துக்காரர்கள் அந்தக் கவரைக் கண்ணால் கண்டதில்லை. அவர்கள் தலையில் எல்லாவற்றையும் கட்டினேன். மதினி ஒரு கேள்வி கேட்கவில்லை. ஹார்பர்காரன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினார். அண்ணன் போனில் கேட்டபோது மட்டும் பேச்சைச் சீக்கிரம் முடிக்கப் பார்த்தேன்.

“குவார்ட்டர்ஸ்ல ஒத்தையில கெடக்கேம்ல. அவ பேப்பர் என்னதாம்ல ஆச்சு?”

“பெண்டிங்ல கெடக்குண்ணே. சொல்லியிருக்கேன்.”

ஆறாவது மாதம் மதினி, தானே சென்னைக்கு ரயிலேறிப் போய்க் கேட்டுவிட்டு வருவதாகச் சொன்னார். பயந்துபோய் அன்று சாயங்காலமே கவரை ஆபீஸ் பையில் போட்டேன். சில வாரங்களில் சான்று வந்துவிட்டது, அவ்வளவு சுலபமான வேலை அது. ஆனால் அதற்குள் அண்ணனின் யூனிட்டைத் திரும்பவும் எல்லைக்கு அனுப்ப உத்தரவு வந்து, குவார்ட்டர்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். மதினி அந்தச் சான்றை வாங்கி இரண்டு முறை படித்தார். “பாவம் தம்பி, ஒங்களுக்குத்தான் வீண் அலைச்சல்” என்றார். உள்ளே போய்ப் பெட்டியில் வைத்துவிட்டு வந்து, அம்மாவுக்குச் சாப்பாடு போட்டார்.

அம்மா அதன்பின் நான்கு வருடம் இருந்தாள். யார் வந்தாலும், “என் மருமவ கைதாம் என் கால நிறுத்தி வச்சிருக்கு” என்பாள். அம்மா அதை மனதாரத்தான் சொன்னாள். நான்தான் கேட்கும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவேன். மதினிக்கு முகம் மலர்ந்துவிடும். எல்லையிலிருந்து இன்னொரு எல்லைக்குப் போன அண்ணன், அம்மா போனபிறகுதான் ஓய்வுபெற்று வந்தான்.

இப்போது அவன் ஒரு குடோனில் செக்யூரிட்டி. நாங்கள் ஒரே காம்பவுண்டுக்குள் அடுத்தடுத்த வீடுகளில் இருக்கிறோம். தன் சட்டையைத் தானே தேய்த்துக்கொள்கிறான், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைக்கிறான். மதினி ஒருநாள் சிரித்துக்கொண்டே என் மனைவியிடம் சொன்னார்: “காப்பி குடுத்தா எனக்கு தேங்ஸ் சொல்லுதாவ, ஓட்டல்ல சொல்லுத மாதிரி.” என் மனைவியும் சிரித்தாள். பக்கத்து அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நான் தட்டை நகர்த்தி வைத்தேன்.

போன மாதம் எங்கள் தெருவுக்கு மருமகளாக வந்திருக்கும் ஒரு பெண் மதினியைத் தேடி வந்தாள். அவளும் நர்ஸ், புருஷன் ராணுவம், அவனுக்கு ராஜஸ்தானில் குவார்ட்டர்ஸ் கிடைத்திருக்கிறது. விண்ணப்பமெல்லாம் போனிலேயே போட்டுவிட்டாளாம். ஒன்றிரண்டு காகிதம் மட்டும் கவரில் சென்னைக்குப் போகவேண்டும் என்றாள். மதினி அவளை உட்காரவைத்து ஒவ்வொன்றாக விளக்கினார். அப்போது நான் உள்ளே நுழைந்தேன்.

“இந்தா, எங்க கொழுந்தனார்ட்ட குடு தாயி. ஹார்பர் ஆளு. எனக்கும் இவியதாம் அலைஞ்சு வாங்கிக் குடுத்தாவ.”

அந்தப் பெண் கவரை என் கையில் வைத்துவிட்டு, நன்றி சொல்லிப் போய்விட்டாள். நின்ற இடத்திலேயே நான் செய்ததையெல்லாம் சொன்னேன். ஆறு மாதம் கவர் என் பீரோவில் இருந்தது, சென்னையில் யாரும் தாமதிக்கவில்லை, நீங்கள் போய்விட்டால் அம்மாவின் காலை யார் பார்ப்பது என்றுதான் அப்படிச் செய்தேன் என்றேன். அழுவார், கத்துவார், என் சட்டையைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். சட்டையைப் பிடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மதினி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

“அத்தைக்குத் தெரியுமா தம்பி?”

அந்த வருடங்களிலிருந்து அவரிடம் மிச்சமிருப்பது, ‘என் மருமவ கை’ என்று அம்மா சொன்ன அந்த ஒரு வார்த்தை மட்டும்தான்.

“தெரியாது மதினி,” என்றேன்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை ஆட்டினார். எழுந்து வந்து என் கையிலிருந்த கவரை வாங்கிக்கொண்டார்.

“இத நானே போயி அனுப்பிட்டு வாரேன்.”

செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கமாக நடந்தார். பின்னாலேயே ஓடி, அம்மாவுக்கும் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். அம்மாவைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னேனா, மகனாக என்னையே காப்பாற்றிக்கொண்டேனா என்று எனக்கே தெரியவில்லை. மறுநாளிலிருந்து மதினி என்னிடம் பேசுவதில்லை. காலையில் அம்மாவின் படத்துக்குப் பூ வைத்து, கும்பிட்டுவிட்டுத்தான் டூட்டிக்குப் போகிறார்.