சறுக்குக் காலணிக்குத் தேசிக்காய்

வீட்டு வாசலில் உறைந்த பனிக்கு உப்புக் கொட்டி, அதைத் திட்டித் தீர்த்துவிட்டு, இன்னொரு கட்டடத்துக்குள் காசு கட்டிப் பனியைப் பார்க்கப் போகிறவர்கள் நாங்கள். ஊரில் சொன்னால் எனக்கு மருந்தை மாற்றச் சொல்வார்கள். ரூஜ் பகுதியில் தனியாக இருக்கும் எனக்கு மில்லிக்கன் பனிச்சறுக்கு அரங்குவரை போக அன்று ஒரு காரணம் இருந்தது. கல்கரியிலிருந்து மகள் ஆரணி வந்திருந்தாள். என்னைப் பார்க்க அல்ல, தன் மாணவியைப் போட்டியில் இறக்க. மாலையே விமானம்.

ஆரணி பதக்கம் வாங்கிய காலத்தில் சறுக்கியது அவள், விழுந்து எழும்பியது என் நெஞ்சு. அவள் எம்பும்போதெல்லாம் கண்ணை மூடிவிடுவேன். ‘டக்’ என்றால் இறங்கிவிட்டாள், ‘தடார்’ என்றால் இல்லை. மகளின் புகழைக் காதால் மட்டும் பார்த்த தகப்பன் நான். புதுச் சறுக்குக் காலணி வாங்கியபோது, புதுக் காருக்குச் செய்வதுபோல அதன் இரும்பு அலகுகளுக்கு அடியில் தேசிக்காய் வைத்து மிதிக்கச் சொன்னேன். சாறு வழிந்த அலகைக் கண்டு பயிற்சியாளர் பெண்மணி வெளிறிப்போனார்.

“என்ன இது?”

“இன்சூரன்ஸ்” என்றேன்.

“அதைக் கிளப்பே எடுத்திருக்கிறதே” என்றார், மிகுந்த அக்கறையோடு.

பிறகு முழங்கால் போய், சத்திரசிகிச்சை முடிந்து, ஆரணி பிள்ளைகளுக்குச் சறுக்கப் பழக்கக் கல்கரி போய்விட்டாள். அவளைப் பயிற்சிக்குக் கூட்டிப்போன அந்த விடியற்காலை நேரத்தில் எனக்கு இன்னும் விழிப்பு வருகிறது. கூட்டிப்போகத்தான் ஆளில்லை. அவளுக்கு இனி நான் எதற்கு என்ற கேள்வியோடுதான் அன்று அரங்கில் பனித்தளத்தின் வாசலில் நின்றேன்.

“அப்பா, ப்ளீஸ், பேயறைஞ்ச மாதிரி முழிக்காதேங்கோ. பிள்ளை நெர்வஸ் ஆகிறாள்.”

“நான் சிரிக்கிறன், பிள்ளை.”

“உதோ சிரிப்பு?” என்றவள், குரலைத் தாழ்த்தினாள். “தேசிக்காய் கொண்டந்தனீங்களே?”

ஜாக்கெட் பையில் இரண்டு இருந்தன. வாங்கி மாணவியின் கால்களுக்கு முன்னே வைத்தாள். “அலகுக்கு உறை போட்டபடி மிதிக்கலாம், அப்பா. ஒண்டும் ஆகாது.” அந்த மஞ்சள் முடிக்காரப் பிள்ளை ஒன்றும் கேட்காமல், பலமுறை பழகியவள்போல மிதித்து நசுக்கினாள். கல்கரியிலும் தேசிக்காய் விற்கிறார்கள்தானே.

இசை தொடங்கியதும் கண்ணை மூடினேன். ‘டக்.’ திறந்தபோது பக்கத்தில் ஆரணியும் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

அவர்கள் போனபின் குனிந்து பார்த்தேன். நசுங்கிய ஒன்று ரப்பர் விரிப்பில் கிடந்தது. மற்றது வாசலைத் தாண்டிப் பனிக்குள் வழுக்கிப் போயிருந்தது. எனக்குச் சறுக்கத் தெரியாது. அதை விட்டுவிட்டு வரவும் மனமில்லை. ஒரு காலைப் பனியில் வைத்தேன், மற்றக் காலை விரிப்பிலிருந்து எடுக்கவில்லை.