டெலிபோனில் இரண்டு தட்டு

நமுனுகுல மலையில் பறித்த தேயிலைக் கொழுந்து, மூட்டையாகக் கம்பியில் சறுக்கி ஃபேக்டரிக்கு வரும். அனுப்புமுன் மேலே இருக்கும் அண்ணன் கம்பியை இரண்டு தரம் தட்டுவார். கீழே நிற்கும் நான் விலகிக்கொள்வேன்.

தோட்டத்துக்குப் புதிதாக வந்த உதவி மேனேஜர், எங்கள் சின்னத்துரை, மேலேயும் கீழேயும் டெலிபோன் வைத்தார். "தீபாவளி வரைக்கும் ரெண்டும் செல்லும். அப்புறம் தட்டக் கூடாது, போன்தான்."

பழகின கையைக் கட்டிப்போட்டாலும் தாளம் போடும் என்பார்கள் எங்கள் லயத்து வீடுகளில். தீபாவளிக்கு மறுநாள் போன் மணி அடித்தது. துரை பக்கத்தில் நிற்க, எடுத்தேன். பேச்சில்லை, டொக், டொக்.

"அண்ணே, வாயத் தொறந்து சொல்லுங்க!"

"அதான் போன்லயே தட்டிட்டேன்ல? மூட்டை பாதி வழி வந்திருக்கும்டா!"

நான் பாய்ந்து விலகினேன். மூட்டை தூணில் மோதி வெடித்தது. தலை நிறையக் கொழுந்தோடு துரை கேட்டார்: "ரெண்டு தட்டு புரிஞ்சிருச்சு. மூணு தட்டுன்னா என்னா? அதையும் இப்பவே சொல்லிடு."